அறுந்தாலும் சிதறாத மணிமாலை

ஊரை விட்டுப் புறப்படுகையில் பாட்டி கழற்றித் தந்த பவளமாலை நம் இல்லங்கள் பலவற்றில் உண்டு. நூல் நைந்து அறுந்ததும் மணிகளை ஒரு டப்பியிலிட்டு மறந்துவிடுகிறோம். அவற்றை நாமே மீண்டும் கோக்கலாம்.

வேண்டுவன பட்டு நூல், மெல்லிய ஊசி, ஒரு கொக்கி ஆகியவையே. 45 சென்டிமீட்டர் மாலைக்கு 6 மில்லிமீட்டர் மணிகள் ஏறத்தாழ 75 பிடிக்கும். முடிச்சிட்டுக் கோத்தால் சில குறையும். இரட்டையாக்கிய பின்னும் மாலையைப் போல் இருமடங்கு நீளம் இருக்குமாறு நூலை எடுத்துக்கொள்வோம். துவாலை விரித்துப் பெரிய மணிகளை நடுவிலும் சிறியவற்றை இருபுறமும் அடுக்கினால், அவை உருண்டோடா.

ஒவ்வொரு மணிக்கும் பின் ஒரு முடிச்சு இடுதல் வேண்டும். முடிச்சு இறுகுமுன் அதன் கண்ணில் ஊசியை நுழைத்து, மணியருகே நகர்த்திப் பின்னர் இறுக்குவோம். இதனால் மணிகள் ஒன்றோடொன்று உராய்வதில்லை. நூல் அறுந்தாலும் ஒரு மணிக்குமேல் உதிர்வது அரிது. வடநாட்டுக் கடைத்தெருக்களில் பட்வா எனப்படுவோர் மணி கோப்பதைத் தொழிலாகவே செய்கின்றனர். அவர்தம் கைவேலையைச் சற்று நின்று பார்த்தால் பாதிப் பாடம் வந்துவிடும்.

காணாமற்போன மணிகளுக்கு ஈடாக வாரணாசிக் கண்ணாடி மணிகள் இரண்டைச் சேர்த்தால் என்ன? பாட்டியின் மாலையில் பேத்தி வளரும் நாட்டின் மணியும் இருக்கட்டுமே.