எங்கள் முதுமைக்கு யார் பொறுப்பு?

வானொலியில் ஓய்வூதியம் பற்றிய செய்தி வந்தால் எமது மாதர் சங்கக் கூட்டங்களில் பலரும் அதைக் காதில் வாங்குவதில்லை. "அது உத்தியோகம் பார்த்தவையின்ர கதை. எங்களுக்கென்ன, பென்சனா வரப்போகுது?" என்று சொல்லிவிட்டுச் சங்கக் கணக்கைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். வைத்தியசாலைகளுக்கான நிதி ஒதுக்கீடு பற்றிப் பாராளுமன்றத்தில் நடக்கும் சண்டையையும் அப்படித்தான் எண்ணுகிறோம்.

ஆனால் இந்த இரண்டு சண்டைகளும் ஒரே பெட்டியில் உள்ள பணத்தைப் பற்றியவை. அந்தப் பெட்டியில் எமது பணமும் இருக்கிறது. 2024 ஜனவரி முதல் வற் வரி 18 சதவீதம். சவர்க்காரம் வாங்கும்போதும், பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கும்போதும், தொலைபேசிக்குக் காசு போடும்போதும் வரி கட்டுகிறோம். "நாங்கள் வரி கட்டாத ஏழைகள்" என்ற நினைப்பு உண்மையல்ல. வரி கட்டுகிற எமக்கு முதுமையில் என்ன திரும்பி வரும் என்று கேட்பதற்கு உரிமை உண்டு.

மூன்று வகையான முதுமை

இலங்கையில் முதுமை எல்லோருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை.

முதலாவது, அரசாங்க உத்தியோகத்தரின் முதுமை. 1901ஆம் ஆண்டின் ஓய்வூதியப் பிரமாணக்குறிப்பின் கீழ் குறைந்தது பத்து வருடங்கள் சேவை செய்தவருக்குச் சாகும்வரை மாதாந்தம் ஓய்வூதியம் கிடைக்கிறது. இறந்தபின் மனைவிக்கும் தங்கி வாழும் பிள்ளைகளுக்கும் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் உண்டு. இன்று ஏறத்தாழ 7 இலட்சம் பேர் அரச ஓய்வூதியம் பெறுகிறார்கள். இது திறைசேரியிலிருந்து நேரே செல்லும் பணம்.

இரண்டாவது, தனியார் துறையில் வேலை செய்தவரின் முதுமை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி தனது சம்பளத்தில் 8 சதவீதமும் முதலாளி 12 சதவீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 சதவீதம் செலுத்துகிறார். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் சேமலாப நிதியைப் பெறலாம். ஆனால் இது மாதாமாதம் வருவதல்ல, ஒரே தடவையில் கையில் வருவது. வீட்டுக் கூரைக்கும் மகளின் கலியாணத்துக்கும் போனபின் முதுமைக்கு மிஞ்சுவது கொஞ்சம்.

மூன்றாவது, இவை எதுவும் இல்லாதவரின் முதுமை. கச்சான் வறுத்து விற்பவர், தோட்டக் கூலிக்குப் போபவர், கருவாடு போடுபவர், தையல் தைப்பவர், மாடு வளர்ப்பவர். எமது சங்கங்களில் உள்ள பெண்களில் பெரும்பாலோர் இந்த வகையினர். கமக்காரருக்கு 1987இலும் மீனவருக்கு 1990இலும் ஓய்வூதியத் திட்டங்கள் சட்டமாகின. 1996இல் சுயதொழில் செய்வோருக்காகச் சமூகப் பாதுகாப்புச் சபை அமைக்கப்பட்டது. யுத்த காலத்தில் வன்னியில் இருந்தவர்களில் பலருக்கு இவை எட்டவில்லை. காணியும் வள்ளமும் கணவனின் பெயரில் இருந்ததால் கமக்காரர் என்றோ மீனவர் என்றோ பெண் பதியப்படவுமில்லை. பதிந்தவர்களுக்கும் நிச்சயம் இருக்கவில்லை. நிதி போதாமல் 2012இல் கமக்காரர் ஓய்வூதியம் தடைப்பட்டு, 2014இலேயே மீண்டும் தொடங்கியது.

இரு தரப்பும் சொல்வது என்ன?

ஓய்வூதியத்தைச் சீர்திருத்த வேண்டும் என்போரின் வாதம் இலகுவாக ஒதுக்கக்கூடியதல்ல. நாடு முதுமையடைகிறது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே 60 வயதைக் கடந்தோர் 12.4 சதவீதம். ஓய்வூதியம் பெறுபவர் தொகை கூடிக்கொண்டு போக, அரசாங்கத்தின் வருமானமோ 2019 இறுதியில் செய்யப்பட்ட வரிக் குறைப்புகளின் பின் சரிந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நாடு நிறுத்தியது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் ஏறத்தாழ 300 கோடி அமெரிக்க டொலருக்கு உடன்பாடு வந்தது. இந்த நிலையில், உத்தியோகத்தரும் ஓய்வூதியத்துக்குப் பங்களிப்புச் செலுத்த வேண்டும் என்கிறார்கள் இவர்கள்.

எதிர்த்தரப்பினரான தொழிற்சங்கங்கள், ஓய்வூதியம் சலுகையல்ல, குறைந்த சம்பளத்துக்கு ஆயுள் முழுவதும் உழைத்தவரின் பிற்போடப்பட்ட சம்பளம் என்கின்றன. வரியை ஒழுங்காக வசூலிக்காமல் கடன்பட்டவர்கள் ஆட்சியாளர்கள், அதன் சுமையை ஆசிரியையும் தாதியும் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்கின்றன.

இந்த இழுபறியில் கொள்கைகள் அடிக்கடி மாறின. 2003இல் புதிதாகச் சேர்வோருக்குப் பங்களிப்பு ஓய்வூதியம் கொண்டுவரப்பட்டது, ஆட்சி மாறியபின் அது கைவிடப்பட்டது. 2016 முதல் சேர்வோருக்கு அதே யோசனை 2015இன் இறுதியில் வரவு செலவுத் திட்டத்தில் மீண்டும் வந்தது. ஓய்வு பெறும் வயதும் 65ஆக உயர்த்தப்பட்டு, 2022இல் 60ஆகக் குறைக்கப்பட்டது.

இரு தரப்பினரும் பேசுவது முதலாவது வகை முதுமையைப் பற்றி என்பதைக் கவனியுங்கள். மூன்றாவது வகை அந்த மேசையிலேயே இல்லை.

கட்டுநாயக்கா சொன்ன பாடம்

பெண்கள் பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2011இல் தனியார் துறையினருக்கு ஓய்வூதிய நிதியொன்றை அமைக்கச் சட்டமூலம் கொண்டுவரப்பட்டது. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து மேலும் 2 சதவீதம் கழிக்கப்படும் என்றது அது. தனியார் துறையினருக்கும் மாதாந்த ஓய்வூதியம் என்பது நல்ல எண்ணமாகவே தோன்றும். ஆனால் கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயத்துப் பெண்கள் தங்கள் வாழ்க்கையோடு வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். ஆடைத் தொழிற்சாலையில் சில வருடங்கள் உழைத்துக் கலியாணத்தோடு ஊருக்குத் திரும்பும் பெண், 60 வயதில் வரும் ஓய்வூதியத்தைக் காண்பாளா? இப்போது கழிக்கும் பணம் என்னவாகும்?

அவ்வருடம் மே 30ஆம் திகதி ஆயிரக்கணக்கில் வெளியே வந்தார்கள். பொலிசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். ரொஷேன் சானக என்ற இளம் தொழிலாளி காயமடைந்து உயிரிழந்தார். அரசாங்கம் சட்டமூலத்தைக் கைவிட்டது. கொடுத்த விலை பெரிது. ஆயினும் ஒரு சட்டம் பெண்ணின் வாழ்க்கை ஒழுங்குக்குப் பொருந்துகிறதா என்ற கேள்வியை நாட்டின் முன் வைத்தவர்கள் சாதாரணத் தொழிலாளப் பெண்களே.

2023இல் அவ்வாறு நடக்கவில்லை. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது சேமலாப நிதியிடம் இருந்த திறைசேரி முறிகளுக்குப் பதிலாக, குறைந்த வட்டியுடைய, நீண்டகாலம் செல்லும் புதிய முறிகளை ஏற்கச் சொன்னார்கள். ஏற்காவிட்டால் நிதியின் மீதான வரி 14 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகும் என்றார்கள். வங்கிகளின் முறிகள் தொடப்படவில்லை. வங்கிகள் தளர்ந்தால் மக்களின் வைப்புகள் ஆபத்துக்குள்ளாகும், அங்கத்தவருக்கு 9 சதவீத வட்டி உறுதி என்றது அரசாங்கம். தொழிலாளியின் சேமிப்பை மட்டும் ஏன் குறிவைக்கிறீர்கள் என்றார்கள் எதிர்த்தவர்கள். ஜூலை 1ஆம் திகதி 122 வாக்குகள் ஆதரவாகவும் 62 எதிராகவும் அளிக்கப்பட்டு யோசனை நிறைவேறியது.

இது கொழும்புக் கதையல்ல. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைக்குப் பேருந்தில் போய்வரும் எமது பிள்ளைகளின் பணமும் அந்த நிதியில்தான் இருக்கிறது. 2022இல் நிதிக்கு 9 சதவீத வட்டி கொடுக்கப்பட்டது. அவ்வருடம் செப்டெம்பரில் விலைவாசி முந்திய வருடத்தைவிட ஏறத்தாழ 70 சதவீதம் கூடியிருந்தது. கணக்கில் தொகை குறையாமலே சேமிப்பின் பெறுமதி குறைவது இப்படித்தான்.

பென்சன் இல்லாதவரின் பென்சன்

இனி வைத்தியசாலைக்கு வருவோம். ஓய்வூதியம் இல்லாத பெண்ணுக்கு முதுமையில் அரசு தரும் மிகப்பெரிய உதவி இலவச மருத்துவமே. பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மாதாமாதம் கிளினிக்கில் கிடைக்கும் மருந்தைப் பாமசியில் வாங்கிப் பாருங்கள். அந்தப் பணம்தான் எமது பென்சன்.

இந்த உரிமையும் சும்மா வந்ததல்ல. 1931இல் பெண்களுக்கும் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. வாக்குக் கேட்டு வந்தவர்கள் கிராமத்து வைத்தியசாலை பற்றியும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. 1971இல் வெளிநோயாளருக்கு 25 சதக் கட்டணம் விதித்துப் பார்த்தார்கள், 1977இல் அதுவும் எடுக்கப்பட்டது. அதன்பின் வந்த எந்த அரசாங்கமும் வாசலில் கட்டணம் வைக்கத் துணியவில்லை.

ஆனால் வாசலில் வைக்காத கட்டணம் வேறு வழிகளால் வருகிறது. "மருந்து இல்லை, வெளியில் வாங்குங்கோ" என்று எழுதித் தரும் துண்டு ஒரு கட்டணம். இரத்தப் பரிசோதனையைத் தனியாரிடம் செய்யச் சொல்வது ஒரு கட்டணம். விசேட வைத்தியர் இல்லாததால் முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகும் பேருந்துக் காசும், இழந்த நாட்கூலியும் ஒரு கட்டணம். நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் ஏறத்தாழ பாதி மக்களின் சொந்தப் பையிலிருந்து போகிறது. 2022இல் டொலர் இல்லாமல் மருந்துத் தட்டுப்பாடு வந்ததையும் அதன்பின் பல வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போனதையும் நாம் கண்டோம். உடம்பில் செல் துண்டோடு வாழ்பவருக்கும், செயற்கைக் காலை மாற்ற வேண்டியவருக்கும் இந்தக் கட்டணம் ஆயுள் முழுவதும் தொடரும்.

ஆகவே, ஓய்வூதியத்துக்குக் கொடுத்தால் வைத்தியசாலைக்கு இல்லை என்று எவராவது சொன்னால் அந்தப் பொறியில் நாம் விழக்கூடாது. ஓய்வு பெற்ற ஆசிரியையும் கணவனை இழந்து விதவை ஓய்வூதியத்தில் வாழ்பவரும் எமது எதிரிகளல்லர். சீர்திருத்தம் வேண்டாம் என்பதுமல்ல. எதுவுமே இல்லாதவரிடமிருந்து அது தொடங்க வேண்டும் என்பதே எமது கோரிக்கையாக இருக்க வேண்டும். 2025 வரவு செலவுத் திட்டத்தில் வறிய முதியோருக்கான கொடுப்பனவு 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அது நல்ல தொடக்கம். ஆயினும் அது ஓய்வூதியமாகாது.

காணாமற்போனவரின் பணம்

எமது பிரதேசங்களுக்கே உரிய இன்னொரு துயரமும் இதில் உண்டு. உத்தியோகம் பார்த்த கணவன் காணாமற்போனால் அவருக்குரிய கொடுப்பனவைப் பெற மரணச் சான்றிதழ் கேட்கப்பட்டது. 2010இல் வந்த தற்காலிகச் சட்டம் அத்தகைய மரணப் பதிவுக்கு வழி செய்தது. "அவர் செத்துவிட்டார் என்று நானே கையெழுத்து வைப்பதா?" என்று மறுத்த பெண்கள் அநேகர். பிள்ளைகளின் பசிக்காகக் கையெழுத்து வைத்துவிட்டு இன்றுவரை மனம் ஆறாதவர்களும் உண்டு.

2016இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, இறந்ததாகப் பதியாமலே காணாமற்போனவர் என்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெற வழி பிறந்தது. அதைக் கொண்டு சமூக நலக் கொடுப்பனவுகளுக்கு விண்ணப்பிக்கலாம், கணவனின் சொத்துக்களைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம். அதைப் பெறுவதால் உண்மையையும் நீதியையும் கேட்கும் உரிமை இல்லாமற் போகாது. இதுபற்றிப் பிரதேச செயலகத்தில் கேட்டறியுங்கள்.

நாம் செய்யக்கூடியவை

வேலைக்குப் போகும் மகளின் சேமலாப நிதி இலக்கத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தில் 8 சதவீதம் கழித்தும் நிதிக்குக் கட்டாத முதலாளிகள் இருக்கிறார்கள். புடைவைக்கடையில் ஒரேயொருவர் வேலை செய்தாலும் அவருக்கு நிதி கட்ட வேண்டும் என்பது சட்டம். கட்டாவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். பின்னுரித்தாளர் பெயர் கொடுக்கப்பட்டுள்ளதா என்றும் பாருங்கள். இறந்த கணவனோ மகனோ எங்காவது வேலை செய்திருந்தால் அந்தப் பணம் இன்னும் பெறப்படாமல் இருக்கலாம். பத்து வருடங்கள் நிதி கட்டிய, கணக்கில் 3 இலட்சம் ரூபாவுக்கு மேல் உள்ள அங்கத்தவர் வீட்டுக்கோ வைத்தியச் செலவுக்கோ 30 சதவீதம் வரை முன்கூட்டியே பெறவும் முடியும்.

கிராமத்து வைத்தியசாலைகளில் பெரும்பாலானவை மாகாண சபைகளின் கீழ் வருபவை. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் வருடக்கணக்காகத் தேர்தல் நடக்கவில்லை. கேள்வி கேட்பதற்கு ஆளில்லாத இடத்தில் மருந்தும் இல்லாமற் போவது புதுமையல்ல. சங்கங்களில் ஒரு கொப்பி வைத்து, இந்த மாதம் எத்தனை பேருக்கு எந்த மருந்து வெளியில் எழுதப்பட்டது, அதற்கு எவ்வளவு செலவானது என்று பதிந்து வாருங்கள். வாக்குக் கேட்டு வருபவர்களிடம், யாராக இருந்தாலும், அந்தக் கொப்பியைக் காட்டி இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: எமது வைத்தியசாலைக்கு என்ன செய்வீர்கள்? உழைத்தும் ஓய்வூதியமில்லாத பெண்ணுக்கு என்ன திட்டம் வைத்திருக்கிறீர்கள்?

1931இல் எமது பாட்டிமாருக்குக் கிடைத்த வாக்குத்தான் வைத்தியசாலைக் கதவைத் திறந்தது. அதே வாக்கு இன்று எமது கையில் இருக்கிறது.