லயத்து உலையில் இரண்டு வேளைச் சோறு

தாசேக் கெலுகோர் என்று ஊர்ப் பெயரைச் சொன்னதும், "அது எங்கே இருக்கிறது?" என்று கேட்கும் நண்பர்கள் இன்றும் உண்டு. பினாங்கு என்றால் பலருக்கு ஜார்ஜ்டவுனும் பாலமும்தான். எங்கள் ஊர் கடலுக்கு இந்தப் பக்கம், பெருநிலத்தில், செபராங் பிறை வடக்கு மாவட்டத்தில் இருக்கிறது. பட்டர்வொர்த்தில் ரயில் ஏறிப் பாடாங் பெசார் நோக்கிப் போனால் வழியிலேயே வந்துவிடும். மலாயில் 'தாசேக்' என்றால் ஏரி. 'கெலுகோர்' ஒரு மரம். அதன் காயை வில்லை வில்லையாக நறுக்கி வெயிலில் காயவைத்தால் கிடைப்பதுதான் கடைகளில் 'ஆசாம் கெப்பிங்' என்று விற்கும் கருத்த புளித்துண்டு. தீவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கெலுகோரும் இதே மரத்தின் பெயரைச் சூடிய இடம்தான். அங்கே நான்கு ஆண்டுகள் படித்தும் இது தெரியாமல் வெளியேறியவர்கள் எத்தனை பேரோ!

நான் எழுத வந்தது அந்தப் புளி சேர்ந்த சாப்பாட்டைப் பற்றி. தோட்டத்து லயங்களில் நம் பாட்டிமார் சமைத்த இராச் சாப்பாட்டைப் பற்றி. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிக்கொண்டே வந்ததில், எங்கள் வட்டாரத்தில் மலாக்கோப், மேஃபீல்டு போன்ற தோட்டப் பெயர்களைப் புதிய தலைமுறை தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப் பலகைகளில்தான் அதிகம் பார்க்கிறது. லயத்து அடுப்பில் சமைத்த கைகளும் குறைந்துகொண்டே வருகின்றன. அந்தச் சமையலை "ஏழைச் சாப்பாடு" என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு, "அமிர்தம்" என்று கொண்டாடுகிறவர்களும் உண்டு. இருவருமே அது ஏன் அப்படி இருந்தது என்று கேட்பதில்லை.

என் பாட்டி, அப்பாவைப் பெற்றவர், முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். அவரிடம் கேட்டேன். ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "காலையில ஒல வைக்க எவளுக்கு நேரம் இருந்துச்சு ஐயா? ராத்திரி வச்ச சோறுதான் காலைக்கும். அதுக்குத் தக்கனதான் கொழம்பு."

லயத்துச் சமையலின் இலக்கணம் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. கொஞ்சம் விளக்குகிறேன்.

ரப்பர் மரத்தில் பால் விடியற்காலையில்தான் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழக்கும், பட்டைக்குள் இருக்கும் அழுத்தம் குறையும், பாலும் சீக்கிரம் நின்றுவிடும். அதனால்தான் இருட்டோடு எழுந்து பிரட்டுக்கு நிற்க வேண்டியிருந்தது. பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, உளியும் வாளியுமாக மரத்தடிக்குப் போகிற பெண்ணுக்கு விறகு அடுப்பை மூட்டி உலை கொதிக்கும்வரை காத்திருக்க முடியாது. பகலில் மங்குகளிலிருந்து பால் எடுத்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, கிடைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, விறகு பொறுக்கி, தண்ணீர் பிடித்து, துணி துவைத்து முடித்தால் மாலையாகிவிடும். ஆக, அடுப்பு முழுதாக எரிவது மாலையில்தான். அந்த ஒரு நெருப்பில் இரவுக்கும் மறுநாள் விடியலுக்கும் சேர்த்துச் சமைக்க வேண்டும். வீட்டில் குளிர்பதனப் பெட்டி கிடையாது. பல தோட்டங்களில் மின்சாரமே இரவில் சில மணி நேரம் ஓடும் ஜெனரேட்டர் தருவதுதான்.

இப்படிப்பட்ட வீட்டில் என்ன சமைக்கலாம்? விடியும்வரை கெடாததைத்தான் சமைக்கலாம்!

சோற்றின் கணக்கு

அரிசியை அளக்கக் கெட்டிப்பால் டின்தான் படி. ஒரு வேளைக்கு ஆளுக்கு ஒரு டின்னுக்குக் கொஞ்சம் குறைவு என்பது பாட்டியின் கணக்கு. காலைக்கென்று இன்னும் இரண்டு டின் சேர்த்து உலையில் போடுவார். இரவு எல்லாரும் சாப்பிட்டு முடித்தபின் மீந்த சோறு ஆறியதும், அது மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி மூடி வைப்பார். விடியற்காலையில் அதில் உப்பும் நறுக்கிய சின்ன வெங்காயமும் போட்டு, ராத்திரிக் குழம்பைத் தொட்டுக்கொண்டு பசியாறிவிட்டு மலைக்கு ஏறுவார்கள்.

தண்ணீர் ஊற்றுவதில் ஒரு காரணம் இருக்கிறது. நீருக்குள் இருக்கும் சோற்றில் தயிரைப் புளிக்க வைக்கும் வகை நுண்ணுயிர்கள் வளர்ந்து அதை மெல்லப் புளிக்க வைக்கின்றன. அந்தப் புளிப்பு மற்றக் கிருமிகளை அடக்குகிறது. நம் வாடகை வீடுகளில் நடப்பது வேறு. ரைஸ் குக்கரை அணைத்துவிட்டுச் சோற்றை அப்படியே இரவு முழுதும் விட்டுவிட்டு, காலையில் 'நாசி கோரேங்' பிரட்டுகிறோம். வெதுவெதுப்பான சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. மீந்த சோற்றை ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். இல்லையென்றால் பாட்டி வழியில் தண்ணீர் ஊற்றி, காலையிலேயே தீர்த்துவிடுங்கள்.

குழம்பு ஏன் புளித்தது?

லயத்துக் குழம்பைச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும்: நீர்க்க இருக்கும், உறைக்கும், நன்றாகப் புளிக்கும். மசாலை வாங்க வசதியில்லாததால் நீர்க்க வைத்தார்கள் என்பது பாதி உண்மை. மறு பாதி, புளித்த குழம்பு கெடாது என்பது. தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பு நம் நாட்டு வெக்கையில் இரவு தாண்டாது. புளியும் உப்பும் தூக்கலாக இருந்து, படுக்கப் போகுமுன் ஒரு கொதி விட்டு மூடி வைத்த குழம்பு தாங்கும். அதனால் வேலை நாளில் தேங்காய்ப்பாலுக்கு இடமில்லை.

புளிக்கு எங்கள் ஊர்க்காரர்களுக்கு இரண்டு வழி. கடைப்புளி காசு கொடுத்து வாங்குவது. ஆசாம் கம்பத்து மரத்திலிருந்து வருவது. பினாங்கு ஆசாம் லக்சாவுக்குப் புளிப்பைக் கொடுப்பதும் இந்தத் துண்டுதான். கேரளத்து மீன்கறியில் போடும் குடம்புளிக்கு இது நெருங்கிய உறவு. ஊரிலிருந்து வந்தவர்கள் கப்பலில் விட்டுவந்த ஒரு பழக்கத்தை மலாய்க்காரரின் அடுப்படியில் மறுபடி கண்டெடுத்தார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கடைப்புளி கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். ஆசாம் கரையாது, குழம்பு தெளிவாகவே நிற்கும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: குழம்பில் கிடக்கும்வரை துண்டு புளிப்பை விட்டுக்கொண்டே இருக்கும். காலைக்கு எடுத்து வைக்கும்போது துண்டுகளை எடுத்துவிட வேண்டும்.

எங்கள் வட்டாரம் நெல் விளையும் பூமியும்கூட. வாய்க்காலிலும் வயலிலும் கெளுத்தியும் விராலும் கிடைக்கும். மலாயில் கெலி, ஹாருவான். ஞாயிற்றுக்கிழமை பையன்கள் தூண்டிலோடு போய்விடுவார்கள். இந்த மீன்களில் சேற்று வாடை இருக்கும். அதைப் போக்குவதற்கும் ஆசாம்தான்.

கெளுத்திக் குழம்பு வைக்கும் முறை இது. ஒரு கட்டி மீனை (ஏறத்தாழ 600 கிராம்) உப்பும் ஊறவைத்த ஆசாம் தண்ணீரும் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். இரண்டு கரண்டி எண்ணெயில் அரைத் தேக்கரண்டி வெந்தயம், கருவேப்பிலை, பத்துச் சின்ன வெங்காயம், ஐந்து பல் பூண்டு. வெங்காயம் வதங்கியதும் மூன்று மேசைக்கரண்டி மீன் மசாலைத் தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துப் போட்டு, எண்ணெய் பிரியும்வரை வதக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பச்சை மசாலை வாடை கடைசிவரை போகாது. பிறகு நான்கு குவளைத் தண்ணீர், மூன்று நான்கு ஆசாம் துண்டு, உப்பு. கொதித்தபின் பிஞ்சுக் கத்தரிக்காய் நான்கு. கத்தரிக்காய் அரை வேக்காடு ஆனதும் மீனைப் போட்டு, கரண்டி போடாமல் சட்டியை மட்டும் பிடித்து அசைத்து, பத்து நிமிடத்தில் இறக்கிவிடலாம். ஆறு பேருக்கு வரும்.

555 புத்தகமும் மாதக் கடைசியும்

மீன் எப்போதும் கிடைக்காது. ரப்பர் தினக்கூலி வேலை. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, அன்றைய சம்பளமும் இல்லை. கையில் காசில்லாத நாளில் சீனர் கடையில் கடன் எழுதுவார்கள். சட்டைப்பையில் அடங்கும் அந்தச் சின்ன 555 புத்தகத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், முகம் மாறும்! அதனால் சட்டியில் இருப்பதைப் பார்த்தே தேதியைச் சொல்லிவிடலாம். சம்பளம் போட்ட வாரம் பச்சை மீன், அப்புறம் கருவாடு, அப்புறம் நெத்திலி, கடைசி வாரம் கீரையும் மிளகாயும்.

நடுவில் கைகொடுத்தது டின் சாடின். ஒரு 425 கிராம் டின்னை ஆறு பேருக்குப் பங்கிடுவதே ஒரு கலை. மூன்று உருளைக்கிழங்கைச் சதுரமாக வெட்டி, இரண்டு பெரிய வெங்காயமும் மசாலையும் வதக்கியபின் முதலில் கிழங்கை வேகவிட வேண்டும். டின்னில் இருக்கும் தக்காளிச் சாற்றை அப்போதே ஊற்றிவிடலாம். மீன் ஏற்கெனவே வெந்தது. அதைக் கடைசி ஐந்து நிமிடத்துக்குத்தான் போட வேண்டும். முன்பே போட்டால் கரைந்து யாருக்கும் துண்டு கிடைக்காது. காரத்துக்கு நான்கு பச்சை மிளகாய், புளிப்புக்கு இரண்டு ஆசாம் துண்டு. வாடகை வீட்டில் ஐந்து பேர் சேர்ந்து சமைப்பவர்களுக்கு, மெகி பாக்கெட்டைவிட இது எவ்வளவோ மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள், செலவும் பெரிதாகக் கூடாது.

மாதக் கடைசியில் கீரை. முருங்கை லயத்துக்கு லயம் நின்றது. 'சாயோர் மானிஸ்' வேலியிலேயே வளர்ந்தது. அரிசியின் முதல் கழுநீரைக் கொட்டிவிட்டு, இரண்டாம் கழுநீரைப் பிடித்து வைப்பார் பாட்டி. அதில் வெங்காயம், பூண்டு, மஞ்சள், கிள்ளிய மிளகாய் போட்டுக் கொதிக்கவிட்டு, ஒரு பிடி நெத்திலி, கடைசியில் இரண்டு கை முருங்கைக்கீரை. மூடாமல் ஐந்து நிமிடம். கழுநீரில் இருக்கும் மாவு பருப்பில்லாத குறையைத் தெரியாமல் செய்துவிடும். ஆனால் கீரை காலைவரை நிற்காது. அது இரவோடு சரி. காலைக்கு நெத்திலிச் சம்பால் தனியாக, எண்ணெய் மிதக்க மிதக்க வதக்கி வைத்திருப்பார்கள்.

மரவள்ளிக்கிழங்கைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில், பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி அருகிப்போனபோது, மலாயா முழுதும் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தது. தோட்டத்து ஆண்கள் பலரைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோன காலமும் அதுதான். அந்தத் தலைமுறையில் சிலர் பின்னாளில் கிழங்கைத் தொடவே மாட்டார்கள் என்பார் பாட்டி. நமக்கு அது பலகாரம், அவர்களுக்கு அது வேறு. வேக வைக்கும்போது தோலையும் உள்தோலையும் முழுதாக உரித்து, நிறையத் தண்ணீரில் நன்றாக வேகவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கிழங்கில் இயற்கையாகவே நச்சு உண்டு. அரை வேக்காட்டில் சாப்பிடக் கூடாது.

இதையெல்லாம் சமைத்தது யார் என்பதையும் எழுதியாக வேண்டும். ஆணும் பெண்ணும் ஒரே நேரத்தில் மரத்துக்குப் போனார்கள், ஒரே நேரத்தில் திரும்பினார்கள். ஆனால் சட்டியின் முன் உட்கார்ந்தது பெண் மட்டும்தான். சில ஆண்கள் அந்த நேரத்தில் கள்ளுக்கடையில் இருந்தார்கள். மீன் துண்டு கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் போனபின், சட்டியில் ஒட்டிய மசாலையில் சோற்றைப் போட்டுப் பிசைந்து தின்றவர்கள் நம் பாட்டிமார். "சட்டிச் சோறு" ருசி என்று நாம் இன்று ஆசையாகச் சொல்கிறோம். அவர்களுக்கு மிஞ்சியது அதுதான்.

சம்பள நாள் மட்டும் விதிவிலக்கு. அன்று கோழியோ ஆட்டிறைச்சியோ, தாராளமாகத் தேங்காய்ப்பால். கோழிக்கு மசாலையை அம்மியில் அரைத்து, இரண்டாம் பாலில் வேகவைத்து, அடுப்பை அணைக்கும்போது முதற்பாலை ஊற்றுவார்கள். இந்தக் கறி காலைவரை தாங்காது என்று முன்பே சொன்னேன். வைத்துக்கொள்ள முடியாததால் அது பக்கத்துக் கதவுகளுக்குப் போனது. லயத்தில் கிண்ணங்கள் இங்கும் அங்கும் நடந்ததற்கு அன்பு ஒரு காரணம், தேங்காய்ப்பால் இன்னொரு காரணம்.

பாட்டி இப்போது பட்டணத்தை ஒட்டிய ஒரு வரிசை வீட்டில் இருக்கிறார். குளிர்பதனப் பெட்டியில் கோழிக்கறி மூன்று நாள் தாங்குகிறது. இருந்தாலும் கறி வைத்த அன்று கிண்ணத்தில் ஊற்றி, "அந்த வீட்டு அக்காவுக்குக் குடுத்துட்டு வா ஐயா, ஆறிடப் போவுது" என்பார். அந்த அக்காவுக்கு எழுபது வயதுக்கு மேல். லயத்தில் மூன்று கதவு தள்ளி இருந்தவர்.