தரணி: கருவிலிருக்கும் மூளைக்கு ஒரு வரைபடம்

கிரிவலம் சென்றவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். திருவண்ணாமலை நகரில் பெரிய கோயிலின் பக்கத்திலிருந்து பார்க்கும்போது தெரியும் மலை வேறு. சுமார் 14 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் நடந்து, மலையின் மறுபுறத்திலுள்ள அடி அண்ணாமலையில் நின்று பார்க்கும்போது தெரியும் மலை வேறு. ஓரிடத்தில் ஒற்றைச் சிகரம். மற்றோரிடத்தில் பல முகங்கள். மலை என்னவோ ஒன்றுதான். அதற்கு முழுமையான வரைபடம் வேண்டுமானால், எல்லாத் திசைகளிலும் கண்டவற்றை ஒன்றோடொன்று பொருத்தியாக வேண்டும் அல்லவா?

மனித மூளையை வரையப் புகுந்த விஞ்ஞானிகளின் நிலையும் இதுவே. ஒருவர் செல்களின் வடிவத்தைப் பார்த்தார். ஒருவர் மரபணுக்களின் வேலையைப் பார்த்தார். வேறொருவர் காந்தக் கருவியால் படம் பிடித்தார். இவர்கள் கண்டவை தனித்தனி அலமாரிகளில் கிடந்தவரை முழு வரைபடம் உருவாகவில்லை. எல்லாவற்றையும் பொதுவில் வைத்த பிறகே அது உருவாகத் தொடங்கியது. அதில் ஒரு முக்கியமான பகுதி நம் சென்னையில் வரையப்பட்டது.

மூளைக்கு வரைபடம் எதற்கு?

மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. அவை எங்கும் ஒரேவிதமாகப் பரவியிருக்கவில்லை. பெருமூளையின் வெளிப்போர்வையைப் ‘புறணி’ என்பர். ஜெர்மானிய அறிஞர் கோர்பினியான் புரோட்மன் அதை மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். செல்களின் அடுக்கு இடத்துக்கு இடம் மாறுவதைக் கண்டு, பகுதிகளுக்கு எண் கொடுத்து, 1909ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். பார்வைக்குரிய இடம் 17. உடலை அசைக்க ஆணையிடும் இடம் 4. மருத்துவர்கள் இன்றும் அந்த எண்களைச் சொல்கிறார்கள்.

ஆயினும் புரோட்மனின் படம் ஊர்களின் எல்லைகளை மட்டுமே காட்டியது. அங்கு வாழ்வோர் என்ன தொழில் செய்கிறார்கள் என்பதைக் காட்டவில்லை. அதை அறிய மரபணுக்களிடம் போக வேண்டும்.

ஒரே நூல், வேறு வேறு பக்கங்கள்

உங்கள் கல்லீரல் செல்லிலும் மூளைச் செல்லிலும் உள்ள டி.என்.ஏ. ஏறக்குறைய ஒன்றே. அதில் புரதங்களை ஆக்கக் கற்றுத்தரும் மரபணுக்கள் சுமார் 20,000. அப்படியானால் ஒன்று கல்லீரலாகவும் மற்றொன்று மூளையாகவும் ஆனது எப்படி?

ஊரில் எல்லா வீட்டிலும் ஒரே சமையல் புத்தகம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் பொங்கல் பக்கத்தைத் திறந்திருக்கிறார்கள். அடுத்த வீட்டில் புளியோதரைப் பக்கம். புத்தகம் ஒன்றாயினும் அடுப்பில் வேகும் பண்டம் வேறு. செல்லும் தனக்கு வேண்டிய மரபணுக்களை மட்டுமே படிக்கிறது. படித்ததை ஆர்.என்.ஏ. என்னும் நகலாக எழுதி, அந்நகலைக் கொண்டு புரதம் செய்கிறது. இதையே ‘மரபணு வெளிப்பாடு’ என்கிறோம். எந்த இடத்தில் எந்த நகல் இருக்கிறது என்று கண்டால், அங்கு திறந்திருக்கும் பக்கம் எது என்று சொல்லிவிடலாம்.

நகலைக் கண்டுபிடிப்பது எப்படி? ஆர்.என்.ஏ. நான்கு எழுத்துகளாலான இழை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு ஜோடி எழுத்து உண்டு. தேடும் நகலுக்கு நேர் ஜோடியான இழையை ஆய்வகத்தில் செய்து, அதோடு நிறம் தரும் பொருளை இணைத்து, மூளைச் சீவலின்மீது இடுகிறார்கள். அது தன் ஜோடி உள்ள செல்லில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். மற்றதைக் கழுவிவிட்டால், அந்த மரபணு வேலை செய்யும் செல்கள் மட்டும் நிறத்தோடு நிற்கும். ஒரு சீவலில் ஒரு மரபணுவைப் பார்க்கலாம். 20,000 மரபணுக்களையும் பார்க்க வேண்டுமென்றால்?

பொதுவில் வைக்கப்பட்ட படங்கள்

அந்தப் பெருவேலையைத்தான் அமெரிக்காவில் சியாட்டில் நகரிலுள்ள ஆலன் மூளை ஆய்வு நிறுவனம் மேற்கொண்டது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான பால் ஆலன், 2003ஆம் ஆண்டில் 10 கோடி டாலர் கொடுத்து இதைத் தொடங்கினார். சுண்டெலியின் மூளையை 25 மைக்ரான் கனமுள்ள சீவல்களாக வெட்டி, ஏறக்குறைய 20,000 மரபணுக்களுக்கும் படமெடுத்து, 2006ஆம் ஆண்டில் முடித்தனர். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

வியப்புக்குரியது வேலையின் அளவு மட்டுமன்று. அத்தனை படங்களையும் கட்டணமின்றி எவரும் பார்க்க இணையத்தில் வைத்தார்கள். ஓர் ஆய்வு மாணவர் தமக்கு வேண்டிய ஒரு மரபணுவைத் தேடிச் சீவல் வெட்டிச் சாயமேற்ற மாதக்கணக்கில் பாடுபட்டிருப்பார். இப்போது சில நிமிடங்களில் விடை கிடைத்தது.

அடுத்து மனித மூளைக்கு வந்தார்கள். இறந்தபின் தானமாகக் கிடைத்த 6 பேரின் மூளைகளிலிருந்து 3,702 துண்டுகள் எடுத்து, ஒவ்வொன்றிலும் எந்தெந்த மரபணுக்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று அளந்தார்கள். இந்த அளவுகளும் பொதுவில் உள்ளன. உலகெங்கும் ஆய்வாளர்கள் எடுத்தாளும் தொகுதி இது. ஆறே ஆறு பேர் என்பதையும் அவருள் ஒருவரே பெண் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

தாய் வயிற்றில் நடுமாதங்கள்

இவை வளர்ந்தவர்களின் மூளைகள். மூளை கட்டப்படுவதோ தாயின் வயிற்றில். அந்தக் கட்டுமானம் விந்தையானது. நரம்பு செல்கள் புறணியில் பிறப்பதில்லை. மூளையின் நடுவே திரவம் நிறைந்த அறைகள் உள்ளன. அவற்றின் ஓரத்தில் அவை பிறக்கின்றன. அங்கிருந்து நீண்ட இழைகளைப் பற்றிக்கொண்டு வெளிப்பக்கமாக ஏறுகின்றன. முதலில் வந்தவை கீழ்த்தளத்தில் தங்கிவிட, பின்னால் வந்தவை அவற்றைக் கடந்து மேல்தளத்துக்குப் போகின்றன. இப்படி 6 அடுக்குகள் உருவாகின்றன. கருவின் நடுமாதங்களில் இந்த ஏற்றம் மும்முரமாக நடக்கிறது.

இந்த மாதங்கள் எவ்வளவு முக்கியமானவை என்று காட்டியதும் பொதுவில் வைக்கப்பட்ட தரவுகளே. 2011ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள், கருவில் சில வார வயது முதல் 82 ஆண்டு வயது வரையிலான 57 மூளைகளில் மரபணு வெளிப்பாட்டை அளந்து வெளியிட்டார்கள். ஆட்டிசத்தோடு உறுதியான தொடர்புள்ள சில மரபணுக்களைக் கையில் வைத்திருந்த ஒரு குழு அந்தத் தொகுதியைத் திறந்து, ‘இவையெல்லாம் சேர்ந்து வேலை செய்யும் இடம் எது, காலம் எது?’ என்று கேட்டது. விடை 2013ஆம் ஆண்டில் வெளியாயிற்று: கருவுற்ற 10ஆம் வாரத்துக்கும் 24ஆம் வாரத்துக்கும் இடையில், புறணியின் ஆழ்ந்த 5, 6ஆம் அடுக்குகளின் நரம்பு செல்களில்.

இந்த விடையின் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். குழந்தை பேசாமலோ முகம் பார்க்காமலோ இருந்தால், நம் ஊர்களில் பழி முதலில் தாயின்மீதுதான் விழுகிறது. கிரகணத்தன்று வெளியே வந்தாள், ஆகாததைத் தின்றாள், பிள்ளையைச் சரியாகக் கொஞ்சவில்லை என்பார்கள். அந்தக் குழு ஆராய்ந்த மரபணு மாற்றங்களோ, பெரும்பாலும் பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றியவை. அவற்றின் விளைவு, குழந்தை பிறக்குமுன்பே, எவர் கண்ணுக்கும் எட்டாத இடத்தில் தொடங்குகிறது. ஆட்டிசம் முழுவதற்கும் இதுவே விளக்கம் என்று கூற முடியாது. ஆனால், யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல் காரணத்தைத் தேட முடியும் என்பதை இது காட்டுகிறது.

சென்னையில் ‘தரணி’

மரபணுத் தரவுகள் காலத்தையும் இடத்தையும் சுட்டின. ஆனால், அந்தக் காலத்து மூளையைச் செல் செல்லாகக் காட்டும் முழுமையான படங்கள் மிகக் குறைவு. அந்தக் குறையைப் போக்க முன்வந்தது சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம். இன்போசிஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரும் ஐ.ஐ.டி.யின் பழைய மாணவருமான கிரிஸ் கோபாலகிருஷ்ணனின் ஆதரவில் 2022ஆம் ஆண்டில் அமைந்த மையம் இது. தலைவர் பேராசிரியர் மோகனசங்கர் சிவப்பிரகாசம். சென்னையின் மருத்துவ நிறுவனங்களும் வெளிநாட்டு அறிஞர்களும் துணை நின்றனர். 2024 டிசம்பரில் ‘தரணி’ என்ற தொகுதியை இம்மையம் வெளியிட்டது.

14 முதல் 24 வாரங்கள் வரையிலான 5 கருக்களின் மூளைகள் இதில் உள்ளன. (இங்கு வாரம் என்பது மருத்துவமனைக் கணக்கு, கருவுற்ற நாளிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய 2 வாரம் குறையும்.) மேலே சொன்ன 2013ஆம் ஆண்டு ஆய்வு சுட்டிய காலத்துக்குள் இது அடங்குவதைக் கவனியுங்கள். மூளையை உறையவைத்து, தலைமுடியைவிட மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, ஒவ்வொரு செல்லும் தெரியும்படி படமெடுத்தார்கள். அப்படி 5,132 சீவல்கள். அவற்றைக் கணிப்பொறியில் மீண்டும் அடுக்கி முழு உருவமாக்கி, காந்தப் படங்களோடு பொருத்தி, சுமார் 500 பகுதிகளுக்குப் பெயரிட்டார்கள். ஆலன் நிறுவனத் திட்டத்தின் தொடக்க நிதியில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான செலவில் இது முடிந்தது.

ஒன்றை நினைவில் கொள்வோம். இச்சீவல்கள், பிறக்காமற்போன குழந்தைகளுடையவை. இழப்பின் நடுவில் பெற்றோர் தந்த ஒப்புதலால்தான் இந்தப் படம் உருவானது. அப்படிப் பெற்றதைப் பூட்டிவைக்காமல் உலகுக்குத் திறந்துவைத்தது தகும்.

படம் சொல்லாதவை

வரைபடத்தில் சாலை இருப்பதால் அதில் இன்று வண்டி ஓடுகிறது என்று சொல்லிவிட முடியாது. அதுபோலவே, ஆர்.என்.ஏ. நகல் மிகுந்திருந்தாலும் புரதம் அதே அளவுக்கு மிகும் என்ற உறுதி இல்லை. இரண்டு மரபணுக்கள் ஒரே இடத்தில் வேலை செய்வதால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்றும் ஆகாது. ஐந்து கருக்களை வைத்து எல்லாக் கருக்களையும் அளந்துவிடவும் கூடாது. மூளைக்கு மூளை வேறுபாடு உண்டு. படம் நல்ல கேள்வியைக் கேட்க உதவும். அதற்கு விடை ஆய்வகத்திலும் மருத்துவமனையிலும் சரிபார்க்கப்பட வேண்டும்.

இன்னொரு தடையும் உண்டு. கட்டணம் இல்லை, கதவு இல்லை. ஆனால் பகுதிப் பெயர்கள் யாவும் ஆங்கிலத்திலும் லத்தீனிலும் இருக்கின்றன. தமிழ்வழியில் படிக்கும் மாணவருக்கு அது ஒரு பூட்டுத்தான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

பள்ளியிலோ நூலகத்திலோ இணைய வசதி இருந்தால், ஆசிரியரின் துணையோடு தரணியைத் தேடித் திறந்து பாருங்கள். முதலில் 14 வார மூளை. பிறகு 24 வார மூளை. முந்தையது வழவழப்பாக இருக்கும். பிந்தையதில் மடிப்புகள் தொடங்கியிருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் புறணியின் அடுக்குகளைத் தேடுங்கள். பார்த்ததைக் குறிப்பேட்டில் வரைந்து, ஒவ்வொரு பகுதிக்கும் தமிழில் ஒரு பெயர் எழுதிப் பாருங்கள். பிறகு ஆலன் தொகுதியில் ஒரு மரபணுவைத் தேர்ந்து, அது சுண்டெலி மூளையில் எங்கே நிறம் காட்டுகிறது என்று பாருங்கள்.

புரோட்மனுக்குத் தம் காலத்தில் ஓர் ஆய்வகமும் நுண்ணோக்கியும் சாயமும் வேண்டியிருந்தன. இன்று சீவலை வெட்டியாகிவிட்டது, சாயமேற்றியாகிவிட்டது, படமும் எடுத்தாகிவிட்டது. அதைப் பொறுமையோடு பார்க்கும் கண்களும், ‘இது ஏன் இப்படி?’ என்று கேட்கும் மனமுமே இனி வேண்டும்.