வேலை போனது, உதவித்தொகை எங்கே நிற்கிறது?

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளியிடம் 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ. சந்தா பிடிக்கப்படுகிறது. முதலாளி தன் பங்காக 3.25 சதவீதம் கட்டுகிறார். இது மருத்துவத்துக்கு மட்டும் என்றே பலரும் நினைக்கிறார்கள். வேலை பறிபோனாலும் இதிலிருந்து உதவித்தொகை உண்டு.

எவ்வளவு கிடைக்கும்?

2018 ஜூலையில் தொடங்கிய ‘அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா’ திட்டத்தில், வாழ்நாளில் அதிகபட்சம் 90 நாட்களுக்குப் பணம் தரப்படும். சராசரி தினக்கூலியில் 25 சதவீதமாக இருந்த தொகையை 2020இல், கொரோனா காலத்தில், 50 சதவீதமாக உயர்த்தினார்கள். இரண்டு ஆண்டுச் சம்பளத்தைக் கூட்டி 730ஆல் வகுத்தால் தினக்கூலி கிடைக்கும். மாதம் 15,000 ரூபாய் வாங்கியவருக்கு 90 நாளைக்கு 22,000 ரூபாய்க்குச் சற்று மேல் வரும். அடுத்த வேலை கிடைக்கும்வரை வீட்டு வாடகைக்கும் மளிகைக்கும் இதுதான் கைகொடுக்கும்.

யாருக்கு உண்டு?

இரண்டு ஆண்டாவது காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய ஆறு மாதச் சந்தா காலத்தில் 78 நாட்கள், அதற்கு முந்தைய மூன்று காலங்களில் ஏதேனும் ஒன்றில் 78 நாட்கள் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கும், பணி ஓய்வோ விருப்ப ஓய்வோ பெற்றவருக்கும் கிடையாது.

தாமதம் எங்கே?

பெரும்பாலும் ஒரே ஒரு சொல்லில். மாதக் கணக்கை இணையதளத்தில் ஏற்றும் நிறுவனம், வேலை நாள் இல்லாதவர் பெயருக்கு நேரே ஒரு காரணத்தைத் தேர்வு செய்கிறது: ‘விடுப்பு’, ‘பணியிலிருந்து விலகினார்’, ‘ஆட்குறைப்பு’. வெளியே அனுப்பப்பட்டவருக்கு நேரே ‘விலகினார்’ என்று பதிவாகிவிட்டால், அவர் சொல்வது ஒன்றும் பதிவேடு சொல்வது வேறொன்றுமாகிவிடும். உண்மையைச் சரிபார்க்கும்வரை மனு நகராது.

“எழுதிக் கொடுத்துட்டுப் போங்க, செட்டில்மென்ட்டைச் சீக்கிரம் முடிச்சிடலாம்” என்ற பேச்சை நம்பிப் போடும் கையெழுத்தும் இப்படித்தான் பின்னால் வந்து குறுக்கே நிற்கிறது.

2020இல் நல்ல திருத்தங்கள் வந்தன. காத்திருப்பு 90 நாளிலிருந்து 30 நாளானது. முதலாளி வழியாகப் போகாமல் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்திலேயே நேரடியாக விண்ணப்பிக்க வழி பிறந்தது. பிரமாணப் பத்திரமும் தேவையில்லை என்றானது. இன்னும் ஒரு படி பாக்கி: கேட்ட விளக்கத்துக்கு நிறுவனம் குறித்த நாளுக்குள் பதில் தராவிட்டால், தொழிலாளியிடம் உள்ள ஆவணங்களை வைத்தே முடிவெடுக்க வேண்டும். முதலாளியின் மௌனத்துக்குத் தொழிலாளியின் வீட்டு அடுப்பு அணையக் கூடாது.

என்ன செய்யலாம்?

‘சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்’ என்று எழுதித் தராதீர்கள். நீக்கத்துக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். ஆதாரும் வங்கிக் கணக்கும் காப்பீட்டு எண்ணில் சேர்ந்திருக்கின்றனவா என்று வேலையில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.