காது அறிந்ததைக் கண் படிக்குமா?

பல ஆண்டுகளாகக் கிதார் வாசித்துவரும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருக்கு ஆசிரியர் எவரும் இருந்ததில்லை. இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'புளூஸ்' இசையைத் தாமாகவே கற்றவர். இப்போது அவர் இசைக்குறியீடு படிக்க ஓர் ஆசிரியரிடம் செல்கிறார். ஆசிரியர் கொடுத்த தாளில் இருப்பதோ சிறுவர்களுக்கான எளிய பாடல். அதை வாசிக்க அவர் திணறுகிறார்! 'இந்த வயதில் இது வராது' என்று விட்டுவிடத் தோன்றுகிறது. இது திறமைக் குறைவா? இல்லை. காரணம் பாதி கிதாரிலும் பாதி மூளையிலும் இருக்கிறது.

முதலில் கிதாரைப் பார்ப்போம். பியானோவில் ஒரு சுரத்துக்கு ஒரே கட்டைதான். கிதாரில் அப்படியில்லை. அதன் ஆறு தந்திகளில் மிக மெல்லியதை, விரல் அழுத்தாமல் மீட்டினால், விநாடிக்குச் சுமார் 330 அதிர்வுகள் கொண்ட சுரம் எழும். வீணையில் இருப்பதுபோல் கிதாரின் கழுத்திலும் மெட்டுகள் உண்டு. ஒரு மெட்டு ஏறினால் அதிர்வெண் ஏறத்தாழ 6 சதவீதம் கூடும். 12ஆம் மெட்டில் இரு மடங்காகும். எனவே மேற்சொன்ன அதே சுரத்தை இரண்டாம் தந்தியில் 5ஆம் மெட்டிலும், மூன்றாம் தந்தியில் 9ஆம் மெட்டிலும், நான்காம் தந்தியில் 14ஆம் மெட்டிலும் பெறலாம். தாளில் அதற்கு ஒரே புள்ளிதான். எந்த இடத்தில் வாசிப்பது என்பதை வாசிப்பவரே முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது மூளை. கேட்டுக் கற்றவருக்குக் காதிலிருந்து விரலுக்கு நன்கு பழகிய பாதை உண்டு. கண்ணிலிருந்து விரலுக்குச் செல்லும் பாதையோ புதியது. தெரிந்த பாடலைக் கொடுத்தால், கண் இரண்டு புள்ளிகளைப் பார்ப்பதற்குள் காது மீதியை ஊகித்துவிடும். படித்ததுபோல் தோன்றும், ஆனால் படித்திருக்கமாட்டார். ஆகவேதான் விவரமறிந்த ஆசிரியர், மாணவர் கேட்டிராத சிறு பாடல்களைக் கொடுத்து, மெதுவாக, தாளம் தவறாமல் வாசிக்கச் சொல்கிறார்.

இப்படிப் பயின்றால் புதிய பாதை உருவாகுமா? 2003இல் வெளியான ஓர் ஆய்வில், இசைப் பயிற்சியே இல்லாத பெரியவர்களுக்குச் சுமார் 15 வாரங்கள் குறியீடு படித்து வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பயிற்சிக்குப்பின், இடத்தையும் அசைவையும் தொடர்புபடுத்தும் மூளைப் பகுதியின் செயல்பாட்டில் மாற்றம் தெரிந்தது. ஆகவே வயது வந்தவர்களும் கற்கலாம்.

சரி, படிக்கத் தெரிந்துவிட்டால் புளூசின் உயிர்த்துடிப்பு போய்விடுமா? பலருக்கும் உள்ள அச்சம் இது. வரலாறே இதற்கு விடை தருகிறது. 1903ஆம் ஆண்டளவில், குறியீடு நன்கறிந்த இசைக்குழுத் தலைவரான டபிள்யூ. சி. ஹேண்டி, மிசிசிப்பி மாநிலத்தின் டட்வைலர் ரயில் நிலையத்தில் ஒருவர் கிதார் வாசிப்பதைக் கேட்டார். அந்த மனிதர் தந்திகளின்மேல் ஒரு கத்தியை வைத்து அழுத்தி வாசித்தார். அவ்விசை ஹேண்டியின் மனத்தில் பதிந்தது. 1912இல் அவர் 'மெம்பிஸ் புளூஸ்' என்ற இசையை அச்சிட்டு வெளியிட்டார். அதன்பின் அதை நேரில் கேட்டிராதவர்களும் தாளைப் பார்த்து வாசிக்க முடிந்தது.

ஆனால் கத்தி எழுப்பிய ஒலி முழுவதும் தாளில் அடங்காது. தந்தியின்மேல் கத்தி நகரும்போதோ, விரலால் தந்தியைப் பக்கவாட்டில் தள்ளி இழுவிசையைக் கூட்டும்போதோ, இரு மெட்டுகளுக்கு இடைப்பட்ட சுரங்கள் பிறக்கின்றன. ஐந்து கோட்டுக் குறியீடோ ஒரு ஸ்தாயியை 12 படிகளாகவே காட்டுகிறது. இடைப்பட்ட சுரத்தை ஓர் அடையாளமிட்டுச் சுட்டலாம். எவ்வளவு தள்ளுவது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். அதுபோலவே, தாளில் சமமாக எழுதிய இரு சுரங்களைப் புளூஸ் கலைஞர் ஒன்றை நீட்டியும் மற்றதைக் குறுக்கியும் வாசிப்பார்.

இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். குறியீடு ஒரு வரைபடம். வழியைக் காட்டும், நமக்காக நடக்காது. நம் கிதார் கலைஞர் தம் காதைத் துறக்க வேண்டியதில்லை. அவர் விரல்களில் மட்டுமே வாழும் இசையை எழுதிவைக்கக் கற்றால், அவரைக் கண்டிராத ஒருவரும் அதை ஒருநாள் வாசிக்கலாம். அதற்குச் சில மாதத் திணறல் அதிக விலையா?