வேலை செய்யாத கான்கிரீட்

மாணவர்கள் பயன்படுத்தும் ரப்பர் அழிப்பான் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கவாட்டில் பேனாவால் நெருக்கமாகச் சில செங்குத்துக் கோடுகள் வரையுங்கள். பிறகு இரு முனைகளையும் பிடித்து, நடுப்பகுதி கீழே தொய்யுமாறு வளையுங்கள். மேல்விளிம்பில் கோடுகள் ஒன்றையொன்று நெருங்கும்; கீழ்விளிம்பில் விலகும். அதாவது, மேற்பகுதி அமுக்கப்படுகிறது, கீழ்ப்பகுதி இழுக்கப்படுகிறது. உங்கள் வீட்டுக் கான்கிரீட் தளமும் சுவர்களுக்கிடையே, கண்ணுக்குப் புலப்படாத அளவில், இவ்வாறே வளைந்துதான் நிற்கிறது.

அமுக்கத்தைத் தாங்குவதில் கான்கிரீட் மிக வல்லது. இழுவிசைக்கு எதிரே அதன் வலிமை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். ஆகவேதான் தளத்தின் கீழ்ப்பக்கத்தில் கம்பி கட்டுகிறோம். அப்படியானால் அங்கே கம்பிகளுக்கு இடையே கிடக்கும் கான்கிரீட்டுக்கு என்ன வேலை? கம்பியைத் துருப்பிடிக்காமல் மூடவும், அதை மேற்பகுதியோடு பிணைக்கவும் கொஞ்சம் வேண்டும். எஞ்சியது வெறும் சுமை. காசு கொடுத்து வாங்கிய சுமை மட்டுமல்ல, தன்னைத் தாங்க மேலும் கம்பி கேட்கும் சுமை!

இக்கேள்வியை விடாமல் கேட்ட கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் பிறந்தவர். 1945-இல் இந்தியாவுக்கு வந்து, தொழுநோய் மருத்துவமனைகளுக்கான கட்டட வேலையில் ஈடுபட்டார். பின்னர் திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007-இல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்தார். 1985-இல் அவரும் சேர்ந்து தோற்றுவித்த ‘காஸ்ட்போர்டு’ என்ற நிறுவனம் கேரளத்தில் அவர் வழியில் வீடுகளைக் கட்டிவருகிறது.

அவர்கள் செய்வது இதுதான். தளம் போடும்போது, கம்பிகளின் இடைவெளிகளில் மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாக அடுக்கி வைத்து, மேலே கான்கிரீட் கொட்டுகிறார்கள். ஓட்டைச் சுற்றிலும் கம்பியுடன் கூடிய கான்கிரீட் பட்டைகள் நிற்கும். வேலை செய்யாத கான்கிரீட்டின் இடத்தை ஓடு பிடித்துக்கொள்கிறது. உடைசல் ஓடானாலும் போதும்.

சிக்கனம் இருக்கட்டும். இதில் எனக்கு அதிகச் சுவையாகத் தோன்றுவது வெப்பத்தின் கதை. 10 அடிக்கு 10 அடி அறை ஒன்றின் மேல் 12 செ.மீ. கனத்தில் சாதாரணத் தளம் இருக்கிறது என்போம். அதன் எடை ஏறத்தாழ 2,700 கி.கி. ஒரு கி.கி. கான்கிரீட்டை ஒரு டிகிரி சூடேற்ற சுமார் 880 ஜூல் வேண்டும். சித்திரை வெயிலில் தளம் 15 டிகிரி ஏறியதெனக் கொண்டு பெருக்கிப் பாருங்கள்: மூன்றரைக் கோடி ஜூல் வரும். மின்சாரக் கணக்கில் 10 யூனிட். 1,000 வாட் மின்னடுப்பைப் பத்து மணி நேரம் எரியவிட்டதற்குச் சமம்!

இவ்வளவு வெப்பத்தையும் விழுங்கிய தளம் சூரியன் மறைந்த பின் அதைக் கக்குகிறது. ஒரு பங்கு வானத்துக்குப் போகிறது. மறுபங்கு கீழே படுத்திருப்பவர்மேல் கதிர்வீச்சாக இறங்குகிறது. மின்விசிறி காற்றைத் தள்ளுமேயன்றிக் கதிர்வீச்சைத் தள்ளாது. குளிர்சாதனம் வாங்க இயலாத வீட்டில் குழந்தைகளும் முதியோரும் நள்ளிரவு தாண்டியும் புரள்வது இதனால்தான்.

ஓடு வைத்த தளத்தில் கான்கிரீட் குறைவு. விழுங்கும் வெப்பமும் அந்த அளவுக்குக் குறையும். மேலும் இரு ஓடுகளுக்கிடையே காற்று சிறைப்படுகிறது. அசையாத காற்றைவிடக் கான்கிரீட் ஐம்பது மடங்குக்கு மேல் வெப்பங்கடத்தும். கூரையில் இன்னொரு வசதியும் உண்டு. சூடு மேலே, குளிர்ச்சி கீழே என்றிருப்பதால் பகலில் அக்காற்று சுழல்வதில்லை. ஆயினும் ஓடுகளுக்கிடையே உள்ள கான்கிரீட் பட்டைகள் வழியே வெப்பம் இறங்கவே செய்யும். மொட்டைமாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதை இது தேவையற்றதாக்கிவிடாது.

சுவரிலும் பேக்கர் இதே கேள்வியைக் கேட்டார். எலிப்பொறிக் கட்டு என்று அழைக்கப்படும் முறையில் செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்துவார்கள். 9 அங்குல நீளம், 4½ அங்குல அகலம், 3 அங்குலக் கனமுள்ள செங்கல்லைக் கொண்டு கணக்கிடுவோம். சுவரின் இருபுறமும் ஒவ்வொரு கல் நீளவாட்டில் நிற்கும். நடுவே 3 அங்குல வெற்றிடம். அடுத்து ஒரு கல் குறுக்கே நின்று இரண்டையும் கட்டும். வெற்றிடத்தின் அளவு சரியாக ஒரு செங்கல்! ஆக, நான்கு கல் கொள்ளும் இடத்தில் மூன்றே கல். சுவரின் கனமோ அதே 9 அங்குலம். நூற்றுக்கு இருபத்தைந்து கல் மிச்சம் என்று சொல்வது இதைத்தான். சுவர் இடுக்கில் காற்று மெல்லச் சுழலுமாதலால் வெப்பத் தடை கூரையிலிருப்பதைவிடச் சற்றுக் குறைவு.

இவற்றை எங்கும் கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடலாகாது. சுவரின் முதல் வரிசையும் கடைசி வரிசையும் வெற்றிடமின்றித் திண்ணமாக இருக்க வேண்டும். கல் கூர்மையான விளிம்புடன் ஒரே அளவில் அமைய வேண்டும். முறையறிந்த கொத்தனார் வேண்டும். தளத்துக்குப் பொறியாளரின் கணக்கு இல்லாமல் தீராது. பால்கனியை எண்ணிப் பாருங்கள். அழிப்பானின் ஒரு முனையை மேசைமேல் அழுத்திக்கொண்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மறுமுனையைக் கீழே தள்ளினால், இப்போது மேல்விளிம்புக் கோடுகள் விலகும். கீழ்விளிம்புக் கோடுகள் நெருங்கும். அங்கே கம்பி மேலே இருக்க வேண்டும். கீழேயுள்ள கான்கிரீட்தான் உழைக்கிறது. அங்கே ஓடு வைத்தால் உழைப்பாளியையே வெளியேற்றியதாகும்.