‘இங்கே வா’ முதல் ‘வாங்க’ வரை: தோட்டத்துத் துரைமார் தமிழ் படித்த கதை நமக்குச் சொல்லும் பாடம்



வளர்ந்த பிறகு ஒரு புது மொழியைப் பேசக் கற்றுக்கொள்வது எப்படி இருக்கும்? நம்மில் சிலர் தாய்லாந்துக்குச் சுற்றுலா போய் நாலு வார்த்தை பேசிப் பார்த்திருப்போம். நாம் ஒன்று சொல்ல, கடைக்காரர் வேறொன்றைப் புரிந்துகொண்டு சிரித்திருப்பார். அதே நிலைமை தமிழைக் கற்க வந்தவர்களுக்கும் இருந்தது. அது நம்ம நெகிரி செம்பிலான் தோட்டங்களிலேயே நடந்த கதை. ஏவல் வினை, இரட்டை வழக்கு, ஒலி வேறுபாடு என்று தேர்வுக்குப் படிக்கிற பல விஷயங்கள் இந்தக் கதைக்குள் இருக்கின்றன. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1. யார் படித்தார்கள், ஏன் படித்தார்கள்?

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியது. சிரம்பான், போர்ட்டிக்சன், ரந்தாவ், லிங்கி, லாபு, பகாவ் என்று மாநிலம் முழுக்கப் பால்மரக் காடுகள் வந்தன. வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் கங்காணி வழியாக வந்தார்கள். 1907இல் தொடங்கிய இந்தியக் குடியேற்ற நிதி அவர்களின் கப்பல் செலவைக் கொடுத்தது. 1938இல் இந்திய அரசு இந்த உதவிக் குடியேற்றத்தை நிறுத்தும் வரை ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

அதே காலத்தில் பிரிட்டனிலிருந்தும் இளைஞர்கள் வந்தார்கள். இருபது வயதைத் தாண்டிய பையன். தோட்டத்தில் அவருக்குப் பெயர் ‘சின்ன துரை’. விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று ஆள் கணக்கு எடுக்கணும். யார் எந்த நிரைக்குப் போகணும், யார் வரவில்லை, யாருக்குக் காய்ச்சல் என்று கேட்கணும். எதிரில் நிற்பவர்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகவே தமிழ் படிப்பது அவருக்கு விருப்பப் பாடம் இல்லை, வேலையின் பகுதி. 1919இல் அமைந்த தோட்ட நிர்வாகிகள் சங்கமும் தமிழ்த் தேர்வு நடத்தியது.

சொல்லிக்கொடுத்தவர்கள் யார்? கிராணி, முன்ஷி, கங்காணி, சமையற்காரர். இவர்கள் போக, கையடக்கப் புத்தகங்களும் இருந்தன.

2. புத்தகத்தின் பெயரே ஒரு பாடம்

இலங்கையின் தோட்டங்களுக்காக 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் ஒரு கைநூல் வெளிவந்தது. அது சின்ன துரைமாருக்கான சட்டைப்பைத் தமிழ் வழிகாட்டி. அதன் பெயர் ‘இங்கே வா’. பிறகு 1915இல் தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்கென்று வெல்ஸ் என்பவர் எழுதிய இன்னொரு நூல் வந்தது. அதற்குக் ‘கூலித் தமிழ்’ என்று பெயர். படிக்கும்போதே நமக்குச் சங்கடமாக இருக்கிறது இல்லையா? அந்தச் சங்கடத்தைக் கொஞ்ச நேரம் தள்ளி வைத்துவிட்டு, முதலில் இலக்கணத்தைப் பார்ப்போம்.

‘வா’ என்பது முன்னிலை ஒருமை ஏவல் வினைமுற்று. இதில் விகுதி தனியாக இல்லை, கால இடைநிலை இல்லை. வினைப்பகுதி அப்படியே ஏவலாக நிற்கிறது. வா, போ, எடு, வெட்டு, நில் எல்லாம் அப்படித்தான். ‘வந்தான்’ என்று சொல்ல வேண்டுமானால் பகுதி மாறணும், காலம் காட்டணும், திணை பால் எண் இடம் பார்க்கணும். ‘வா’ என்று சொல்ல எதுவும் வேண்டாம். புதிதாகக் கற்கிறவருக்குத் தமிழில் மிக எளிய வினை வடிவம் இதுதான். கைநூல்கள் ஏவலில் அதிகம் சாய்ந்ததற்கு ஒரு காரணம் அதிகாரம் என்றால், இன்னொரு காரணம் இந்த எளிமை.

தேர்வு எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்:

- ஏவல் முன்னிலைக்கு மட்டுமே வரும். ஒருமை, பன்மை உண்டு (வா – வாருங்கள்).
- வியங்கோள் மூவிடத்துக்கும், ஐம்பாலுக்கும் பொது (வருக, வாழ்க, வாழிய).
- எதிர்மறை ஏவல்: செய்யாதே – செய்யாதீர்கள். பேச்சில்: செய்யாத – செய்யாதீங்க.

3. காதுக்குப் பிடிபடாத ஒலிகள்

அடுத்த சிக்கல் உச்சரிப்பு. ஆங்கிலத்தில் ‘ட’கரமும் ‘த’கரமும் நம்மிடம் இருப்பதுபோலத் தனித்தனியாக இல்லை. அவர்களுடைய ஒலி இரண்டுக்கும் நடுவில் நிற்கும். அதனால் ‘பத்து’ என்று சொல்ல நினைத்தால் நம் காதில் ‘பட்டு’ என்று விழும்.

இரண்டாவது, ஒற்று இரட்டிப்பது. ‘எடு’ வேறு, ‘எட்டு’ வேறு. ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குள் மெய்யை அழுத்திச் சொல்வதால் பொருள் மாறாது. நமக்கு அதனால் வேலையே மாறிவிடும்.

மூன்றாவது, குறில் நெடில். ‘வீட்டுக்குப் போ’ என்பதும் ‘விட்டுட்டுப் போ’ என்பதும் அவசரமாகச் சொன்னால் வெளிநாட்டுக் காதுக்கு ஒன்றுபோல்தான் கேட்கும். ல, ள, ழ பற்றிச் சொல்லவே வேண்டாம். அது நம் பிள்ளைகளுக்கே தகராறு.

இதைத் தாய் மொழியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் ஐந்து சுரங்கள் உண்டு. ‘மா’ என்று சமநிலையில் சொன்னால் ‘வா’ என்று பொருள். அதே ‘மா’வை உயர்ந்த சுரத்தில் சொன்னால் குதிரை, குரலைக் கீழிருந்து மேலே ஏற்றிச் சொன்னால் நாய்! ‘இங்கே வா’ என்று அன்பாகக் கூப்பிடப் போய், நாயைப் பற்றிப் பேசிவிட முடியும். 1942, 43இல் சயாம் – பர்மா ரயில் பாதை போட, மலாயாவின் மற்ற மாநிலங்களைப் போலவே நம் மாநிலத் தோட்டங்களிலிருந்தும் தமிழர்கள் கொண்டு போகப்பட்டார்கள். அந்தக் கொடுமைக்கு நடுவில் இந்த மொழிதான் அவர்கள் காதில் விழுந்தது. சொல்லிக்கொடுக்க முன்ஷியும் இல்லை, கைநூலும் இல்லை.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிலையம் தமிழையும் தாய் மொழியையும் ஒரே கடினப் பிரிவில் வைத்திருக்கிறது. ஆங்கிலம் பேசுகிறவருக்கு ஏறக்குறைய 1100 வகுப்பு மணி நேரம் தேவை என்பது அதன் கணக்கு. ஆறு மாதம் படித்தும் தடுமாறுகிற மாணவரைப் பார்த்து நாம் பொறுமை இழக்கும்போது இந்த எண்ணை நினைத்துக்கொள்ளலாம்.

4. புத்தகத்தில் ஒன்று, லயத்தில் ஒன்று

முன்ஷியிடம் ஒழுங்காக எழுத்துத் தமிழ் படித்தவருக்கு வேறொரு சிக்கல் காத்திருந்தது. ‘அவர்கள் எங்கே போயிருக்கிறார்கள்?’ என்று அவர் கேட்பார். ‘அவங்க ஆயாக் கொட்டாய்க்குப் போயிருக்காங்க தொரை’ என்று பதில் வரும். கேட்டது படித்த தமிழ். வந்தது படிக்காத தமிழ். கிராணி யாழ்ப்பாணத்துக்காரராக இருந்தால் மூன்றாவதாக இன்னொரு தமிழும் காதில் விழும்.

இதைத்தான் இரட்டை வழக்கு என்கிறோம். இந்த நிலைக்கு 1959இல் சார்ல்ஸ் ஃபெர்குசன் எழுதிய கட்டுரை மொழியியலில் பெயர் பெற்றது. ஆனால் அதற்கு இருநூறு ஆண்டுக்கு முன்பே ஒரு வெளிநாட்டவர் இதைக் கண்டுகொண்டார். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் செந்தமிழுக்கு ஒன்று, கொடுந்தமிழுக்கு ஒன்று எனத் தனித்தனி இலக்கணம் எழுதினார். பேச்சுத் தமிழுக்கான நூல் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. பெரியவராக வந்து கற்றதால்தான் இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. நமக்கு அது மூச்சு விடுவதுபோல் ஆகிவிட்டதால் கண்ணில் படுவதில்லை.

நல்ல செய்தி என்னவென்றால், இந்த இடைவெளிக்கும் ஒழுங்கு உண்டு:

- கிறார்கள் → றாங்க (வருகிறார்கள் – வர்றாங்க)
- இருக்கிறது → இருக்கு
- வேண்டும் → வேணும்
- இறுதி ஐ → அ (எத்தனை – எத்தன)

இந்த நாலையும் கரும்பலகையில் எழுதிப் போட்டால், புதிதாகக் கற்கிறவர் பாதித் தூரம் வந்துவிடுவார். வீட்டில் பேசுவதை அப்படியே கட்டுரையில் எழுதிவிடுகிற நம் எஸ்.பி.எம். மாணவருக்கும் இதே பட்டியலைத் தலைகீழாகப் படிக்கக் கொடுக்கலாம்.

5. விட்டுப்போன ‘ங்க’

இனி அந்தச் சங்கடத்துக்கு வருவோம்.

துரை ‘வா’ என்று கூப்பிட்டார். அவருக்கு ‘வாங்க’ தெரியாதா? நன்றாகவே தெரியும். ‘வாங்க தொரை’, ‘சொல்லுங்க தொரை’, ‘இல்லீங்க தொரை’ என்று தினமும் அவர் காதில் விழுந்தது அந்தச் சொல்தான். ஆனால் அது கீழிருந்து மேலே போகிற சொல் என்றே அவர் கற்றுக்கொண்டார். இது காதுக் குறையும் இல்லை, இலக்கணக் குறையும் இல்லை.

‘நாமும்தானே அம்மாவை, பாட்டியை வா, போ என்று கூப்பிடுகிறோம்?’ என்று ஒரு மாணவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தமிழில் ‘நீ’க்கு இரண்டு வேலை உண்டு. ஒன்று நெருக்கம், இன்னொன்று தாழ்வு. பேரன் ‘வா பாட்டி’ என்றால் உரிமை. அந்தப் பாட்டியைப் பெரட்டுக்களத்தில் இருபது வயதுப் பையன் ‘ஏய், இங்க வா’ என்றால் அவமானம். இரண்டு இடத்திலும் வினை ஒன்றுதான். யார், யாரிடம், எந்த உறவில் சொல்கிறார் என்பதுதான் வேறு.

இந்த அவமானம் சும்மா மறைந்து போகவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர்கள் கூலி உயர்வு மட்டும் கேட்கவில்லை. துரைமாரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழியணும் என்றார்கள். கொடுமை செய்கிற அதிகாரிகளை மாற்றி, தமிழ் பேசுகிறவர்களைப் போடணும் என்றும் கேட்டார்கள். மதிப்பும் மொழியும் கூலியோடு சேர்ந்து ஒரே பட்டியலில் இருந்தன.

தாய் மொழி கற்கிற வெளிநாட்டவருக்கு முதல் நாளே ஒரு விஷயம் சொல்லித் தருவார்கள். வாக்கியத்தின் முடிவில் ஆண்கள் ‘க்ரப்’ சேர்ப்பார்கள், பெண்கள் ‘கா’ சேர்ப்பார்கள். அது மரியாதைச் சொல். சுரம் தப்பினாலும் அது இருந்தால் எதிரில் இருப்பவர் முகம் சுளிக்க மாட்டார். நம் ‘ங்க’வும் கிட்டத்தட்ட அந்த வேலையைத்தான் செய்கிறது.

தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர்கள் இன்னொருவரையும் மறந்திருக்க மாட்டீர்கள். மளிகைக் கடை வைத்திருந்த சீனர்தான் அவர். எந்தக் கைநூலும் படிக்காமல், எந்தத் தேர்வும் எழுதாமல் ‘வாங்கம்மா, என்ன வேணும்?’ என்று சரளமாகக் கேட்பார். அவருக்கு அந்த அம்மா நாளைக்கும் கடைக்கு வரணும். அதனால் அவர் தமிழில் ‘ங்க’ முதலிலேயே வந்துவிட்டது.

6. இன்று நாம் என்ன செய்யலாம்?

தோட்டங்கள் பல போய்விட்டன. பிராட்வால், சுவாபெத்தோங், கெடிஸ், கெர்பி என்று தோட்டத்தின் பெயர் பள்ளிப் பெயரில் நிற்கிறது. ஆனால் வளர்ந்த பிறகு தமிழ் கற்க வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தமிழ்க் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட வேற்றினப் பெண், உடன் வேலை செய்யும் மலாய் ஆசிரியர், தமிழ்ப்பள்ளிக்குப் போகாமல் வளர்ந்துவிட்ட நம் பிள்ளைகள். அவர்களுக்கு எங்கிருந்து தொடங்குவது?

1. முதல் நாள் ‘வாங்க’. வாங்க, உக்காருங்க, சொல்லுங்க. ‘வா’வைப் பிறகு சொல்லிக்கொடுக்கலாம். மரியாதை வடிவத்தை எங்கே பயன்படுத்தினாலும் பெரிய தவறு வராது. ஒருமை அப்படி இல்லை.
2. கட்டளைக்கு முன் கேள்வி. என்ன, எங்க, எப்ப, யாரு, எவ்வளவு. கூடவே ‘புரியலைங்க, இன்னொரு தடவ சொல்லுங்க’. கேட்கத் தெரிந்தவர் எங்கே போனாலும் கற்றுக்கொள்வார்.
3. பேசுமுன் கேட்கட்டும். எடு – எட்டு, பத்து – பட்டு, படி – பாடி என்று இணை இணையாகச் சொல்லி, எது என்று விரல் காட்டச் சொல்லுங்கள்.
4. பேச்சு முதலில், எழுத்து பிறகு. ஆனால் இரண்டையும் இணைக்கும் விதியை மறைக்காதீர்கள்.
5. தவறுக்குச் சிரிக்காதீர்கள். பெரியவர்களுக்கு வெட்கம் அதிகம். ஒரு முறை சிரித்தால் அடுத்த முறை மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசிவிட்டுப் போய்விடுவார்.

மாணவர்களுக்கான பயிற்சி

அ. எழுத்து வழக்கில் மாற்றுக: ‘பால் எடுக்கப் போனவங்க இன்னும் வரல. நீங்க கொஞ்சம் உக்காருங்க.’

ஆ. ஏவலா, வியங்கோளா? – வெட்டு, வருக, சொல்லாதீர்கள், வாழிய.

இ. ‘நீ’ நெருக்கத்தைக் காட்டும் ஒரு சூழலையும், தாழ்வைக் காட்டும் ஒரு சூழலையும் சொந்த வாக்கியத்தில் எழுதுக.

விடை: (அ) பால் எடுக்கப் போனவர்கள் இன்னும் வரவில்லை. நீங்கள் சற்று உட்காருங்கள். (ஆ) ஏவல், வியங்கோள், எதிர்மறை ஏவல், வியங்கோள். (இ) கேள்விக்கு ஒரே விடை இல்லை. வகுப்பில் பேசிப் பாருங்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களிடமும் கேட்டு வரச் சொல்லுங்கள். பெரட்டுக்களத்தில் தங்களை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகவே நினைவிருக்கும்.